நல்ல கல்லூரி, கட்டுப்படியாகும் கட்டணம்: எங்கே, எப்படிப் பார்ப்பது?

தமிழ்நாட்டின் பழைய உதவிபெறும் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பி.காம். என்ற ஒரே படிப்புக்கு அங்கே பெரும்பாலும் இரண்டு விலை இருக்கும். ஒன்று அரசு உதவி பெறும் பிரிவு. ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுப்பதால் மாணவர் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டினால் போதும். இன்னொன்று சுயநிதிப் பிரிவு. அங்கே ஆசிரியர் சம்பளத்திலிருந்து சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவு வரை எல்லாம் மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான் வரவேண்டும். கட்டணம் பல மடங்கு கூடும். காலையில் ஒரு பிரிவு, மதியம் இன்னொரு பிரிவு என்று அதே வகுப்பறையில் நடத்துகிற கல்லூரிகளும் உண்டு. இரு பிரிவினருக்கும் பட்டம் கொடுப்பது ஒரே பல்கலைக்கழகம்.

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி தேடும் வீடுகளில் இது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. 'அந்தக் காலேஜில் ஃபீஸ் எவ்வளவு?' என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, 'அந்தக் காலேஜில் இந்த கோர்ஸ் எய்டெடா, செல்ஃப் ஃபைனான்ஸா?' என்பது. ஒரு கல்லூரியில் எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதுதான் நாம் கட்டப்போகும் தொகையை முடிவு செய்கிறது. வாசல் தெரியாமல் கல்லூரியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு 'நமக்குக் கட்டுப்படியாகாது' என்று ஒதுங்கிப்போகிறவர்கள் ஒரு பக்கம், கூடுதல் விலை கொடுத்து உட்காருகிறவர்கள் இன்னொரு பக்கம்.

எய்டெட் பிரிவில் பெரும்பாலும் பழைய பாடங்கள்தான் இருக்கும். தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளாதாரம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், பி.காம். ஆகியவை அவை. டேட்டா சயன்ஸ், விஸ்காம், பி.காம். சி.ஏ. போன்ற புதிய பெயர்கள் கிட்டத்தட்ட எல்லாமே சுயநிதி. எய்டெட் பி.காம்.முக்கு அடிதடி அதிகம். எய்டெட் கணிதத்துக்கும் பொருளாதாரத்துக்கும் அத்தனை போட்டி கிடையாது. போட்டித் தேர்வு, ஆசிரியர் வேலை, மேற்படிப்பு என்று போக நினைப்பவருக்கு, பெயர்பெற்ற கல்லூரியில் எய்டெட் பொருளாதாரம், பெயர் தெரியாத கல்லூரியில் சுயநிதி டேட்டா சயன்ஸைவிட எவ்வளவோ மேல் என்பது என் கணிப்பு. மூன்றாண்டில் பழசாகிவிடும் மென்பொருளைக் கற்றுக்கொள்ள வெளியே ஆயிரம் வழி இருக்கிறது. நல்ல ஆசிரியரிடம் புள்ளியியல் படிக்க அத்தனை வழி இல்லை.

சென்னையில் லயோலா, கிறித்தவக் கல்லூரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர், லேடி டோக், திருச்சியில் செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், பாளையங்கோட்டையில் செயின்ட் சேவியர்ஸ் என்று ஊரறிந்த பல கல்லூரிகள் இந்த இரட்டைப் பிரிவுக் கணக்கில்தான் நடக்கின்றன. இவற்றுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட் வந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் கடைசித் தேதி போய்விடும். எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதும் பல இடங்களில் விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டிய விஷயம்.

அடுத்த வாசல் அரசு கலை அறிவியல் கல்லூரி. எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே இணையதளம். கடந்த சில ஆண்டுகளாக விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். மார்க் ஷீட்டை நகலெடுத்து ஊர் ஊராக அலைகிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. 'கவர்மென்ட் காலேஜா?' என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1840-இல் தொடங்கிய சென்னை மாநிலக் கல்லூரி, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டிலேயே மூன்றாம் இடம் பெற்றது. 1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி, 1914-இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி எல்லாம் இதே வாசலுக்குள் வருகின்றன.

அதற்காக எல்லா அரசுக் கல்லூரியும் ஒன்றல்ல. பள்ளிக்கூடக் கட்டடத்தில் தற்காலிகமாகத் தொடங்கப்பட்ட புதிய கல்லூரிகள் உண்டு. நிரந்தரப் பேராசிரியர் இடம் காலியாகக் கிடந்து கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் துறைகள் உண்டு. ஆகவே அரசுக் கல்லூரி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சேரவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள்.

பொறியியல் என்றால் கதை வேறு. இங்கே 'அண்ணா யுனிவர்சிட்டி' என்ற பெயரே குழப்பத்தின் ஊற்று. பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களில் இருக்கிற கல்லூரிகள் முதல் அடுக்கு: 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்றவை. மாவட்டங்களில் பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் இரண்டாவது. இணைவு பெற்ற நூற்றுக்கணக்கான தனியார் கல்லூரிகள் மூன்றாவது. பட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பெயர் இருக்கலாம். வேலைக்கு ஆள் எடுக்க வருபவருக்கு அடுக்கு நன்றாகத் தெரியும். இவற்றுக்கு நடுவே கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிகள், காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரி ஆகியவை குறைந்த கட்டணத்தில் நல்ல பெயரோடு இருக்கின்றன. கோவை பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் எய்டெட் இடமும் உண்டு, சுயநிதி இடமும் உண்டு. சேர்க்கைக்காக அரசு நடத்தும் கவுன்சலிங்கின் பட்டியலில் பாடப் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்று போட்டிருந்தால் அது சுயநிதி. அந்த இரண்டெழுத்தைக் கவனிக்காமல் குறித்துவிட்டு, கட்டணம் கட்டும் நாளில் திகைக்கிறவர்கள் உண்டு.

கட் ஆஃப் கணக்கு எளிது. கணிதம் நூறுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கியவருக்கு 92, 44, 45 சேர்த்து 181. ஆனால் 'போன வருஷம் 181-க்கு அந்தக் காலேஜ் கிடைத்ததாமே' என்று பக்கத்து வீட்டில் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. வினாத்தாள் சுலபமாக இருந்த ஆண்டில் 181-க்கு மேல் கூட்டம் அலைமோதும். கடினமாக இருந்த ஆண்டில் அதே மார்க் நல்ல ரேங்க் தரும். ஒப்பிட வேண்டியது மார்க்கை அல்ல, ரேங்கை. அதிலும் உங்கள் சமூகப் பிரிவுக்குள் உங்கள் ரேங்கை.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போதுதான் பலர் தங்களைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். 'கிண்டி எப்படியும் கிடைக்காது, அதை எதற்கு முதலில் போட்டு வாய்ப்பை வீணடிப்பது?' என்று நினைத்து, கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போடுகிறார்கள். கணினி செய்வது இவ்வளவுதான்: ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிடும். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. ஆனால் கிடைத்திருக்கக்கூடியதைக் கீழே போட்டால், கணினி அதுவரை வரவே வராது. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். ஆகவே உண்மையான ஆசை வரிசையிலேயே போடுங்கள், கூச்சப்பட வேண்டாம். சேரவே மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை மட்டும் போடாதீர்கள்.

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகை: கவுன்சலிங் வழியாக வருபவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000, நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000, 87,000. சேரும் ஆண்டில் நடப்புத் தொகை என்ன என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தொகை எதுவானாலும் வித்தியாசம் இதோடு நிற்பதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாக வருபவருக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அது கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021 சட்டப்படி தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தகுதி இருந்தும், 'சீட் உறுதியாகக் கிடைத்துவிட்டது, முன்பணம் கட்டிவிட்டோம்' என்று மார்ச் மாதமே ஒரு தனியார் கல்லூரியில் பணத்தைப் போட்டுவிட்டு இந்த வாசலை மறந்துவிடுகிற வீடுகளை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.  

சரி, பெயரை எப்படிச் சோதிப்பது? விளம்பரப் பலகையில் இருக்கிற முகங்களை வைத்து அல்ல. 'அதிகபட்சச் சம்பளம் 42 லட்சம்' என்று எழுதியிருந்தால் அது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். மீதிப் பேரின் கதையைச் சொல்கிற தாள் ஒன்று இருக்கிறது. பலர் திறந்து பார்ப்பதே இல்லை. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். முகப்புப் பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் அதற்கான இணைப்பு இருக்கும். திறந்தால் ஒரு பிடிஎஃப். வடிவமைப்பில் அழகு எதிர்பார்க்காதீர்கள். கட்டம் கட்டமாக எண்கள்தான்.

அதில் வேலைவாய்ப்பு, மேற்படிப்பு என்ற அட்டவணையைத் தேடுங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தவர்கள், உரிய காலத்துக்குள் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் என்று ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வரிசை இருக்கும். உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு: சேர்ந்தவர்கள் 400, உரிய காலத்தில் முடித்தவர்கள் 340, வேலை கிடைத்தவர்கள் 120, மேற்படிப்புக்குப் போனவர்கள் 90. முதலிலேயே 60 பேர் காலத்துக்குள் முடிக்கவில்லை. முடித்தவர்களிலும் 130 பேர் வேலைப் பட்டியலிலும் இல்லை, மேற்படிப்புப் பட்டியலிலும் இல்லை. இடைநிலைச் சம்பளம் என்பது, வேலை கிடைத்த 120 பேரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அது 2 லட்சத்து 40 ஆயிரம் என்றால் மாதம் 20,000. விளம்பரப் பலகையில் இருந்த 42 லட்சம் இப்போது எங்கே நிற்கிறது பாருங்கள். இடங்களுக்கும் சேர்ந்தவர்களுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால், ஊர்க்காரர்களே அந்தக் கல்லூரியைத் தவிர்க்கிறார்கள் என்று பொருள்.

இந்தத் தாளிலும் ஒரு குறை உண்டு. மூன்றாண்டுப் படிப்பு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள், பி.காம். எத்தனை, தாவரவியல் எத்தனை என்று பிரிந்து வராது. கல்லூரி தானே நிரப்பிய கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். இருந்தாலும் மூன்று நான்கு கல்லூரிகளின் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு படம் தெளியும்.

உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் கிரேடை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அது முழுக் கல்லூரிக்கும் சேர்த்துத் தருகிற மதிப்பு. பொதுவாக ஐந்தாண்டு செல்லும். எந்த ஆண்டு வாங்கியது என்று பார்க்காமல் 'ஏ பிளஸ் பிளஸ்' என்ற எழுத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. 2025 பிப்ரவரியில், உயர்ந்த கிரேடு தருவதற்கு லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினர் சிலரை சி.பி.ஐ. கைது செய்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பொறியியலுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இதைவிட உதவும், ஏனென்றால் அது பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுகிறது. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி ஏ.ஐ. படிப்புக்கு ஆள் சேர்க்க முடியாதபடி கேள்வி கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடுகிற கல்லூரி வாரியான தேர்ச்சி விழுக்காடும் ஒரு நல்ல சல்லடை. கடைசி வரிசைகளில் இருக்கும் கல்லூரிகளில் பத்துக்கு இரண்டு பேர்கூடத் தேறாத நிலை இருப்பதைப் பார்க்கலாம்.

2024-இல் வெளியே வந்த ஒரு சங்கதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராக இருப்பதாகக் கணக்குக் காட்டி, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவு அனுமதி வாங்கியிருந்தார்கள். ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு அதை அம்பலப்படுத்தியது. ஆகவே இணையதளத்தில் இருக்கிற ஆசிரியர் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

போவதானால் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், 'ஓப்பன் ஹவுஸ்' என்று அவர்களே அழைக்கிற நாளும் வேண்டாம். வகுப்பு நடக்கிற சாதாரண நாளில், காலை பதினொரு மணி வாக்கில் போங்கள். அட்மிஷன் அறையில் டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். குடித்துவிட்டுத் துறை இருக்கிற மாடிக்குப் போங்கள். பட்டியலில் உள்ள பெயர்கள் கதவுகளில் இருக்கின்றனவா? ஆய்வகத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா, பூட்டுத் தொங்குகிறதா? பிறகு வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்கு வாருங்கள். இறுதியாண்டு மாணவர் இரண்டு பேரைப் பிடித்து, 'இந்த மூன்று வருஷத்தில் எத்தனை சார் மாறினாங்க தம்பி?' என்று கேளுங்கள். ஆசிரியர் நிலைக்காத துறையில் பாடமும் நிலைக்காது. 'ஃபைன் எதுக்கெல்லாம் போடுவாங்க?' என்பதும் நல்ல கேள்வி. சில கல்லூரிகளில் அது இரண்டாவது கட்டண அட்டவணை மாதிரி.

கட்டணம் என்று அவர்கள் சொல்வது பல நேரங்களில் கல்விக் கட்டணத்தை மட்டும்தான். தேர்வுக் கட்டணம், சீருடை, 'பிளேஸ்மென்ட் டிரெயினிங்', கட்டாயக் கல்லூரிப் பேருந்து, விடுதி, மெஸ் எல்லாம் சேர்த்து ஓராண்டுக்கு எவ்வளவு, அடுத்த ஆண்டு எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் கேளுங்கள். வெளியூர்ச் சுயநிதிக் கல்லூரியில் விடுதியும் மெஸ்ஸும் கல்விக் கட்டணத்தைத் தாண்டிவிடுவது சகஜம். டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் சுமாரான கல்லூரியும், இருநூறு கிலோமீட்டர் தள்ளிக் கொஞ்சம் நல்ல கல்லூரியும் இருந்தால், அந்தக் 'கொஞ்ச'த்தின் விலை என்ன என்பதை இந்தக் கூட்டல்தான் சொல்லும். தனியார் பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைகளும் தருகிற 'ஸ்காலர்ஷிப்'பில் இன்னொரு கண் வேண்டும்: முதலாண்டுச் சலுகை நான்காண்டும் தொடர என்ன மதிப்பெண் வைத்திருக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அதிகம் பேசப்படாத வாசல்களும் இருக்கின்றன. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆசிரியராக நினைப்பவருக்கு மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பி.எஸ்சி. பி.எட்.; கணிதத்தில் பித்துப் பிடித்தவருக்குச் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். பொறியியல் வேண்டும், பணம் இல்லை என்பவருக்கு அரசு பாலிடெக்னிக் ஒரு நேர்வழி: பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், பிறகு பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓராண்டு கூடும், ஆனால் கையில் இரண்டு சான்றிதழ், பல நேரம் பாதிச் செலவு.

சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாம் மே, ஜூனில் கேட்டால் கிராம நிர்வாக அலுவலரின் மேசை முன் உங்கள் ஊரே வரிசையில் நிற்கும். முதல் பட்டதாரிச் சலுகையை அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல். இரண்டும் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டியவை. சேர்ந்த வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஒரு கல்லூரியில் சேர்ந்த பிறகு அதைவிட நல்ல இடம் கிடைத்தால் என்ன செய்வது? போகலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். அதே அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், பரிசீலனைச் செலவாக ஒரு சிறு தொகை போகக் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசித் தேதி கடந்து 15 நாள் வரை 80, ஒரு மாதம் வரை 50, அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வராமல், நகலில் தேதியோடு கல்லூரி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 'கரஸ்பாண்டென்ட் வெளியூர் போயிருக்கார், அடுத்த வாரம் வாங்க' என்றால் அன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.